மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்: அசெம்பிள் சிஸ்டத்தின் சத்தத்தைப் பிடிக்க உதவுமா?

காரில் எந்த பேரிங் கத்துகிறது என்று பார்க்க ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்டெதாஸ்கோப் வைத்திருப்பார்கள். டாக்டரிடம் இருப்பதில் நெஞ்சில் வைக்கும் வட்டு இருக்கும் இடத்தில் இதில் ஒரு நீளக் கம்பி இருக்கும். அதே சாமானை, வீட்டில் பார்ட்ஸ் வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப்பின் சத்தத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாமா என்பதே இந்த விமர்சனம். விலை சில நூறு ரூபாய். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வண்டி டூல்ஸ் விற்கும் பெரிய கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஆன்லைனில் கிடைக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்று நான்கு பேன், ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க், லிக்விட் கூலர் என்று நிறையச் சுற்றும் சாமான்கள் உள்ள பெட்டிக்கு இது வாங்கத் தகுந்தது. தேவையில்லாமல் ஒரு பேனோ எஸ்எம்பிஎஸ்ஸோ (பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மாற்றுவதைத் தவிர்த்தாலே காசு திரும்பிவிடும். ஒரு பிராசஸர் பேன், ஒரு கேபினட் பேன், எஸ்எஸ்டி என்று சின்னப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம். ஒரு விரலே போதும். எப்படி என்று கீழே இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இரண்டு வகை வருகிறது. ஒன்றில் கம்பி மட்டும். இன்னொன்றில் கம்பியைக் கழற்றி மாட்ட ஒரு கூம்போ தட்டையான வட்டோ கூடவே வரும். இரண்டாவதை வாங்குங்கள். கம்பி, தொட்டால் கேட்கும் அதிர்வுக்கு. கூம்பு, காற்றில் வரும் சத்தத்துக்கு. கம்ப்யூட்டரில் இரண்டுமே உண்டு என்பதால் கம்பி மட்டும் உள்ளது பாதி வேலைதான் செய்யும்.

மலிவான மாடல்களில் குறைகள் இருக்கத்தான் செய்கின்றன. காதில் வைக்கும் முனை கட்டியான பிளாஸ்டிக்காக இருந்தால் 5 நிமிடத்தில் காது வலிக்கும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் விற்கும் மெத்தென்ற முனை இதற்கும் பொருந்தலாம். காதை இறுக்கும் ஸ்பிரிங் தகடு சிலதில் மிகவும் விறைப்பாக இருக்கும், கையால் கொஞ்சம் விரித்துக்கொள்ள வேண்டும். பெரிய தொல்லை கம்பி திருகும் இடத்தில்தான். அங்கே மரை லூஸாக இருந்தால் கம்பியே கிலுகிலுக்கும். நல்ல பேனும் கெட்டுப்போனது போலக் கேட்கும். கடையிலேயே கம்பியை மேஜையில் மெதுவாக ஊன்றி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கே டெஃப்லான் டேப் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினால் சரியாகிவிடும். பிளம்பிங் கடையில் விற்கும் அதே வெள்ளை டேப்.

பயன்படுத்துவதற்கு முன் செய்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு. இது இரும்புக் கம்பி. சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே விடுகிறோம். கிராபிக்ஸ் கார்டின் பின்பக்கத்திலோ மதர்போர்டிலோ 12 வோல்ட் புள்ளி ஒன்றையும் பக்கத்தில் உள்ள கிரவுண்டையும் கம்பி சேர்த்துத் தொட்டால் போர்டு அதோடு போயிற்று. எலெக்ட்ரிக்கல் கடையில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கேட்டு வாங்கி, கம்பி முழுக்கப் போட்டு லைட்டரால் சூடு காட்டி இறுக்கிவிடுங்கள். நுனிக்கும் ஒரு சின்னத் துண்டு ஸ்லீவை மடக்கிப் போடுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அப்படிப் போட்ட பிறகும் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டின் சர்க்யூட் பக்கம் எதிலும் கம்பியை வைக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றோட்டத் துளை வழியாக உள்ளே விடவே கூடாது. நம் 230 வோல்ட் ஏசியின் உச்சமே 325 வோல்ட் வரும். ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது.

காதில் மாட்டுவதற்கு முன்

முதலில் சத்தம் பெட்டிக்குள்தான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். சீலிங் பேனை நிறுத்துங்கள். மானிட்டரின் அடாப்டர், மோடம் அடாப்டர், எல்இடி பல்பின் டிரைவர், யுபிஎஸ் எல்லாம் கம்ப்யூட்டரின் மேல் பழி போட வல்லவை. சிஸ்டத்தை ஷட்டவுன் செய்து, பிளக்கை மட்டும் விட்டுவைத்துக் கேளுங்கள். பிறகு பிளக்கையும் பிடுங்கிக் கேளுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையிலேயே ஆள் அகப்பட்டுவிடுவது உண்டு.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆன் செய்ததும் வந்து 10 நிமிடத்தில் அடங்கினால் எண்ணெய் வற்றிய ஸ்லீவ் பேரிங் (தண்டு வெறும் குழாய்க்குள் எண்ணெயில் சுற்றும் மலிவு வகை) பேன் மேல்தான் முதல் சந்தேகம். கேம் ஓடும்போது மட்டும் என்றால் கிராபிக்ஸ் கார்டு. மவுஸ் வீலை உருட்டும்போது கீச்சென்றால் காயில், அதாவது போர்டில் உள்ள கம்பிச்சுருள். ஃபைல் காப்பி செய்யும்போது என்றால் ஹார்ட் டிஸ்க். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் என்றால் அது தனிக் கதை, பின்னால் வருகிறது. இந்தக் குறிப்பு இல்லாமல் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினால் எல்லாச் சாமானும் ஏதோ ஒரு சத்தம் போடுவது கேட்கும். எது புதுச் சத்தம் என்று தெரியாது.

சைடு பேனலைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி பேனல்தான். மெல்லிய தகடு, ஏதோ ஒரு பேனின் வேகத்தோடு ஒத்து அதிர்கிறது. பேனல் உட்காரும் விளிம்பில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினால் முடிந்தது.

பேன்

கம்பியை பேனின் சட்டத்தில், திருகுக்குப் பக்கத்து மூலையில் ஊன்ற வேண்டும். இதழில் படக் கூடாது. எல்லா பேனிலும் அதே மூலையில் வைத்து ஒப்பிடுங்கள். கேபினட் தகடு சத்தத்தை எங்கும் கடத்தும், ஆகவே ஓர் இடத்தில் கேட்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. எந்த இடத்தில் அதிகம் கேட்கிறது என்பதுதான் கணக்கு.

நல்ல ஃப்ளூயிட் பேரிங் (எண்ணெய் கசியாமல் அடைத்த வகை) பேனில் வழவழவென்று ஒரே ரீங்காரமாக இருக்கும். எண்ணெய் வற்றிய ஸ்லீவ் பேரிங்கில் அந்த ரீங்காரத்துக்கு உள்ளே, சுற்றுக்கு ஒரு முறை கரகரப்பு வரும். தேய்ந்த பால் பேரிங்கில் உலோகம் அரைபடும் சத்தம், வேகம் கூடக் கூட மேலேறும். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவதில்தான் இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்கிறது. வெறும் காதுக்கு மூன்றும் ஒரே இரைச்சல்.

அடுத்தது விரல் சோதனை. சந்தேகப்படும் பேனின் சுற்றும் நடு வட்டில் விரல் நுனியை மெதுவாக அழுத்தி இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். சத்தம் போய்விட்டால் அதுதான். இதழைப் பிடித்து நிறுத்தினால் விரலும் போகும், இதழும் போகும். பிராசஸர் பேனையும் சில விநாடிக்கு இப்படி நிறுத்தலாம். கிராபிக்ஸ் கார்டு பேன்களுக்குக் கை வைக்க வேண்டாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் போதும், மற்ற கம்பெனி கார்டுகளிலும் அது வேலை செய்யும்.

வயர் இதழில் உரசுவது இன்னொரு வகை. டிக் டிக் என்று கேட்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) சுற்றும் 7 இதழ் பேனில் வயர் எல்லா இதழிலும் பட்டால் விநாடிக்கு 93 தட்டு. அது ட்ர்ர்ர் என்ற ஒரே உறுமலாகத்தான் காதில் விழும். ஓர் இதழ் மட்டும் வளைந்து பட்டால் விநாடிக்கு 13 தட்டு, அப்போதுதான் தனித்தனியாகக் கேட்கும். ஜிப் டை போட்டு வயரைக் கட்டினால் தீர்ந்தது. மழைக்காலத்தில் சூடு தேடிப் பெட்டிக்குள் வரும் பல்லியும் இதே சத்தத்தைத் தரும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பின்பக்கம் கார்டு பூட்டாமல் திறந்து கிடக்கும் பிசிஐ துளைகளுக்கு உறை போடுங்கள்.

கேபினட்டைப் படுக்கவைத்ததும் சத்தம் மாறினால் அதுவும் நல்ல துப்பு. ஸ்லீவ் பேரிங்கில் தண்டின் பாரம் விழும் பக்கம் மாறுவதால் கரகரப்பு நிற்கும் அல்லது கூடும்.

வற்றிய ஸ்லீவ் பேரிங்கைத் தற்காலிகமாகக் காப்பாற்றலாம். பேனைக் கழற்றி, சுற்றாத பக்கத்து நடு ஸ்டிக்கரைப் பாதி உரித்து, உள்ளே ரப்பர் மூடி இருந்தால் எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதிகம் போனால் இரண்டு. கையால் சுழற்றி, வழிந்ததைத் துடைத்து, எண்ணெய் பட்ட ஸ்டிக்கர் திரும்ப ஒட்டாது என்பதால் மேலே நல்ல டேப். புது பேன் வரும்வரை தாக்குப்பிடிக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கைக்கு முதலில் அகப்படுவது தேங்காய் எண்ணெய்தான், அதைத் தொடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ஏசி அறையில் பேன் சுற்றவே திணறும். நாளானால் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். டபிள்யூடி-40யும் வேண்டாம், அது உள்ளே மிச்சம் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும்.

தூசி தட்டும்போது புளோயர் காற்றில் பேனை விர்ரென்று சுழல விடுவது பலருக்கும் விளையாட்டு. பேரிங் கெடுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. இதழை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். மெயின் ரோட்டோரத்து வீடுகளிலும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வாங்கும் தோவாளைப் பக்கத்து ஊர்களிலும் முன் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுவது நல்லது.

ஹார்ட் டிஸ்க்

7200 ஆர்பிஎம் டிஸ்க்கின் அடிநாதம் 120 ஹெர்ட்ஸ், 5400 டிஸ்க்கினுடையது 90 ஹெர்ட்ஸ். கம்பியை டிஸ்க்கின் பக்கவாட்டில் வையுங்கள். மேல்மூடியில் உள்ள சின்ன மூச்சுத் துளையை அடைக்க வேண்டாம், சர்க்யூட் பக்கம் போகவும் வேண்டாம். சீரான ஊங்காரமும், படிக்கும்போது கிடுகிடு என்ற மெல்லிய ஓட்டமும் ஆரோக்கியம். ஊங்காரத்தோடு கிர்ர் என்ற உரசல் சேர்ந்தால் பேரிங்கோ தகடோ கெடுகிறது. டக்… டக்… டக்… என்று ஒரே தாளத்தில் அடித்து, சிஸ்டமும் கூடவே உறைந்து நின்றால் ஹெட் (தகட்டைப் படிக்கும் முனை) தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கிறது என்று அர்த்தம்.

அந்த நிலையில் ஸ்டெதாஸ்கோப்பைக் கீழே வையுங்கள். முதல் வேலை பேக்கப். முக்கியமான ஃபோல்டர்கள் முதலில், சினிமா எல்லாம் கடைசியில். முழு டிஸ்க்கையும் ஸ்கேன் செய்யும் சாஃப்ட்வேரை இப்போது ஓட்டாதீர்கள், மிச்ச உயிரையும் அது எடுத்துவிடும். டிஸ்க்கை ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகும் என்ற பழைய யோசனையை, காற்றில் இவ்வளவு ஈரம் உள்ள ஊரில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

சத்தம் சந்தேகமாக மட்டும் இருந்தால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் 05, சி5, சி6 மூன்று வரிகளைப் பாருங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன, கெட்டுக்கொண்டிருக்கும் இடங்களின் கணக்கு அது. ரா வேல்யூஸ் என்ற பத்தியில் மதிப்பு பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. சி5 நாளுக்கு நாள் கூடினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சி1 மட்டும் வேகமாக ஏறினால் டிஸ்க் அடிக்கடி ஹெட்டை ஓரம் கட்டுகிறது; அந்த டிக் சத்தம் பழுது அல்ல.

இரண்டு டிஸ்க் இருந்து, ஊங்காரம் அலை போல ஏறி இறங்கினால் இரண்டின் வேகமும் நூலிழை வித்தியாசத்தில் இருப்பதால் வரும் மோதல் அது. எதையும் மாற்ற வேண்டாம். டிஸ்க் கூட்டில் ரப்பர் வாஷர் போட்டால் அடங்கும். டிஸ்க்கைப் பூட்டும் திருகு 6-32 மரை. கேபினட்டோடு வரும் எம்3 திருகை அதில் போட்டால் பிடிப்பது போலத் தோன்றும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் டிஸ்க் அதிர்வுக்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

எஸ்எம்பிஎஸ், இன்வெர்ட்டர், எர்த்

ஆன் செய்ததும், ஆஃப் செய்ததும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து ஒரே ஒரு டிக் வந்தால் அது உள்ளே உள்ள ரிலே, பயப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து ம்ம்ம் என்று வந்தால் கம்பியை வெளிக்கூட்டின் நான்கு மூலைகளிலும் வைத்துக் கேளுங்கள். பேனின் கரகரப்பா, மின்சாரத்தின் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமா என்று பிரித்துவிடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது அதிரும்போது இரட்டிப்பாகி 100 ஆகக் கேட்கும். பேன் என்றால், எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பேன் மாற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். வாரண்டி இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். செமி-பேஸிவ் வகையில் லோடு குறைவாக இருக்கும்போது பேன் நின்று நின்று ஓடும், அதுவும் பழுது அல்ல.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாள்களில் இன்வெர்ட்டரில் சிஸ்டம் ஓட்டுகிற வீடுகளில்தான் அந்தத் தனிக் கதை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் எஸ்எம்பிஎஸ் உறுமும், சீலிங் பேனும் உடன் பாடும். இரண்டும் சேர்ந்து உறுமினால் கம்ப்யூட்டரில் பழுதே இல்லை, வரும் கரண்டின் வடிவம்தான் காரணம். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில அந்தக் கரண்டில் திடீரென்று ஆஃப் ஆவதும் உண்டு. தீர்வு சைன் வேவ் இன்வெர்ட்டர். எஸ்எம்பிஎஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் சத்தம் போகாது. விலை குறைந்த யுபிஎஸ்களும் பேட்டரிக்கு மாறியதும் சுத்தமான சைன் அலை தருவதில்லை.

கேபினட் தகட்டைத் தொட்ட கையில் சுருசுருவென்று ஷாக் அடிப்பது போலிருந்தால் கேட்பதை நிறுத்துங்கள். பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட்டில் மின்கசிவு நிற்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் இழுத்த வயரிங்கில் மூன்று துளை பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். ஸ்பீக்கரில் மவுஸ் நகர்த்தும்போது வரும் கொரகொரப்பும் சில வீடுகளில் இதோடு சேர்ந்து போய்விடுகிறது.

காயில் சத்தம்

இங்கேதான் கருவியின் கம்பி பயனில்லை. கிராபிக்ஸ் கார்டிலும் மதர்போர்டிலும் உள்ள காயில்கள் லோடு ஏற ஏற அதிர்ந்து உய்ங் என்று கத்தும். பல ஆயிரம் ஹெர்ட்ஸில், காற்று வழியே வரும் சத்தம் இது. சர்க்யூட்டில் கம்பி வைக்கவும் கூடாது. கம்பியைக் கழற்றி, கூம்போடு அல்லது வெறும் ரப்பர் குழாயோடு, ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து கார்டின் நீளத்துக்கு நகர்த்துங்கள். சத்தம் கூர்மையாகும் இடம் தெரியும்.

உறுதி செய்ய: கேமின் மெனுவில் விநாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை பல நூறு போகும்போது கத்தி, வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டர் வேகத்துக்குக் கட்டும் அமைப்பு) போட்டு 60க்குக் கட்டினால் அடங்கினால் காயில்தான். விரலால் எந்த பேனை நிறுத்தினாலும் இந்தச் சத்தம் மாறாது. ஃபிரேமைக் கட்டுங்கள், ஆஃப்டர்பர்னரில் அண்டர்வோல்ட் செய்யுங்கள், அதாவது கார்டின் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறையுங்கள். மதர்போர்டு காயில் என்றால் பயாஸில் சி-ஸ்டேட்டை (பிராசஸர் சும்மா இருக்கும்போது கரண்டை மிச்சப்படுத்தும் அமைப்பு) அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அணைத்தே வைத்தால் சும்மா இருக்கும்போதும் கரண்ட் கூடுதலாக இழுக்கும். காயில் சத்தத்தால் கார்டு கெட்டுப்போகாது. காதுதான் கெட்டுப்போகும் என்பவர்கள் வாங்கிய புதிதிலேயே மாற்றித்தரக் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் இது பழுதில்லை என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

லிக்விட் கூலரில் கடகடவென்று தண்ணீர் உருளும் சத்தம் பம்ப்பில் காற்றுக்குமிழி. பம்ப்பின் தலையில் கம்பியை வைத்தால் தெளிவாகக் கேட்கும். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்ப்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாற்றிப் பூட்டினால் காற்று அங்கே போய்த் தங்கிவிடும்.

சத்தத்துக்குக் காரணம் பழுதாக இல்லாமல், சூடாக இருக்கும்போது

பேன் நல்ல பேன்தான், ஆனால் எப்போதும் உச்ச வேகத்தில் ஓடுகிறது என்றால் ஸ்டெதாஸ்கோப்பால் ஒன்றும் சொல்ல முடியாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் வெப்பத்தைப் பாருங்கள். இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். ஒன்று கழன்றிருந்தாலும் பிராசஸர் 90 டிகிரியைத் தாண்டும், பேன் அலறும். குலசேகரம் பக்கமிருந்து பைக்கில் வைத்து நாகர்கோவில் கொண்டுவரும் வழியிலேயே ஒரு கால் கழன்றுவிட இடமுண்டு. காலை வெளியே இழுத்து, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டு, மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும்.

வேகம் நொடிக்கு நொடி ஏறி இறங்கி உஸ்… உஸ்… என்றால் பேன் கர்வ் (வெப்பத்துக்கு ஏற்ப பேன் வேகத்தை வகுக்கும் அமைப்பு) பிரச்சினை. பயாஸில் வேகம் ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று இருக்கும் அமைப்பைச் சில விநாடி நீட்டுங்கள். 3 பின் பேனை பிடபிள்யூஎம் (நான்காவது பின் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) என்று வைத்த இணைப்பில் சொருகினால் எப்போதும் முழு வேகம்தான். அதை டிசி (வோல்ட்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறை) என்று மாற்ற வேண்டும். 4 பின் பேனை டிசியில் ஓட்டினால் குறைந்த வேகத்தில் சிலது திக்கித் திக்கி நிற்கும்.

இதற்குப் பதிலாக வேறு என்ன

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது பழைய ஒர்க்‌ஷாப் முறை. பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவர் பேன் பேரிங்குக்கு ஓரளவு வேலை செய்யும். ஆனால் தலையைப் பெட்டிக்குள் நீட்ட வேண்டும். தலைமுடி, கம்மல், சங்கிலி எல்லாம் பேனுக்குப் பக்கத்தில் போகும். சார்ட் பேப்பரைச் சுருட்டிய குழல் காயில் சத்தத்துக்கு ஸ்டெதாஸ்கோப்பின் கூம்புக்குச் சமமாகவே வேலை செய்கிறது, காசும் இல்லை.

உண்மையான போட்டி போனில் இருக்கிறது. ஸ்பெக்ட்ராய்ட் போன்ற இலவச ஆப்பில் எந்த அதிர்வெண்ணில் மேடு எழுகிறது என்று பார்க்கலாம். பேனின் கணக்கு: ஆர்பிஎம்மை 60ஆல் வகுத்து இதழ் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 7 இதழ் பேன் 1200இல் சுற்றினால் 140 ஹெர்ட்ஸ். வேகத்தை 900க்கு இறக்கினால் மேடு 105க்கு நகர வேண்டும். நகர்ந்தால் அந்த பேன். 120இலேயே நின்றால் 7200 டிஸ்க். 100இல் நின்றால் மின்சார ரீங்காரம். எந்த வகைச் சாமான் என்று ஆப் சொல்லும். ஒரே மாதிரி மூன்று பேன் ஒரே வேகத்தில் ஓடும்போது அதில் எது என்று ஆப்பால் சொல்ல முடியாது, கம்பியால் முடியும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சரி.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்கலாம். கடைக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரோட்டோரக் கடையில் பஸ் இரைச்சலுக்கு நடுவே, பெட்டியைப் படுக்கப்போட்டு, வேறு கரண்டில், வேறு மேஜையில் ஓட்டினால் வீட்டுச் சத்தம் அங்கே வராது. "இங்க சவுண்டே இல்லியே சாரே" என்பார்கள், அல்லது "பேன் போச்சுண்ணே, மாத்திருவோம்" என்பார்கள். இரண்டுமே அந்த நிலையில் நியாயமான பதில்தான். வீட்டிலேயே சத்தத்தைப் போனில் வீடியோ எடுத்து, எந்தச் சாமான் என்று கம்பி வைத்துப் பார்த்து, அதை மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுத்தால் வேலையும் சீக்கிரம் முடியும், பில்லும் குறையும்.

பேன் மாற்றும்போது ஸ்லீவ் பேரிங்கைத் தவிர்த்து ஃப்ளூயிட் பேரிங் வாங்குங்கள். ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் 5 இதழ், 200 முதல் 1800 ஆர்பிஎம் வரை. பெரும்பாலான பெட்டிகளுக்கு இது தாராளம். நாக்டுவா என்எஃப்-ஏ12x25 9 இதழ், உச்சம் 2000, 6 வருட வாரண்டி. விலை பல மடங்கு. அவ்வளவு செலவழிக்க எல்லோருக்கும் தேவையில்லை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் எந்த பேனாக இருந்தாலும் கனெக்டர் பின்களில் பச்சை பூத்தால் ஆர்பிஎம் அவ்வப்போது பூஜ்ஜியம் காட்டும், வேகம் தாறுமாறாக ஏறும். புது பேன் வாங்கும் முன் சிஸ்டத்தை அணைத்து, கனெக்டரைப் பிடுங்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்துத் திரும்பச் சொருகிப் பாருங்கள்.

அந்த ஊர்களில் இந்த ஸ்டெதாஸ்கோப்பின் கம்பிக்கும் அதே கதிதான். ஸ்லீவ் மூடாத மரைப் பக்கத்தில் மிஷின் எண்ணெய் தடவி, ஜிப் போட்ட பாலித்தீன் கவரில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் துரு ஏறி, கம்பியைக் கழற்றிக் கூம்பை மாட்ட முடியாமல் போகும்.